அமெரிக்காவில் மகனின் இரண்டு வாரக் கோடை வகுப்புக்கு ஐ-20 வரவில்லை, விசா எப்படி?

ஐ-20 என்பது மாணவர் விசாவுக்காகக் கல்வி நிறுவனம் தரும் படிவம்; அது இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசாவைக் கேட்க முடியாது. உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் பி-2 என்ற சுற்றுலா விசாதான் பொருந்தும். கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி) தராத குறுகிய வகுப்பு என்பதால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஐ-20 அனுப்பாமல் விட்டிருக்கும்.

சேர்க்கைக் கடிதத்தில் இரண்டைப் பாருங்கள்: கிரெடிட் உண்டா, வாரத்துக்கு எத்தனை மணிநேர வகுப்பு? கிரெடிட் இருந்தாலோ, 18 மணிநேரத்தைத் தொட்டாலோ பி-2வுக்குப் போகாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எந்த விசா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலை நேர்காணலுக்கும் எடுத்துப் போகலாம்.

எஃப்-1 என்றால் 350 டாலர் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணமும் உண்டு, பி-2வுக்குக் கிடையாது. ஆனால் பி-2 நேர்காணல் தேதிக்குச் சென்னையில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். விசா கைக்கு வரும்முன் விடுதிப் பணத்தை முழுசாகக் கட்டாதீர்கள். திருப்பித் தரும் கெடுவை முதலில் படியுங்கள்.

இந்தக் கோடை வகுப்பில் சேர்ந்தால் பிறகு அங்கேயே பட்டப்படிப்புக்கு இடம் உறுதி என்று ஏஜென்ட் சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.