சென்னையின்… எது?

கேள்வி: சென்னையின் எஃப்.சி. ஆடும்போது நேரு ஸ்டேடியத்தில் பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. சென்னை கிரிக்கெட் ஊர்தானே, கால்பந்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய மைதானம்?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: 2014-ல் அணிக்கு இந்தப் பெயரை வைத்த நாளிலிருந்து 'சென்னையின்' என்ற சொல் என்னை விடவே இல்லை. 'இன்' வந்துவிட்டால் பின்னாலேயே ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். சென்னையின் வெயில், சென்னையின் கூவம், சென்னையின் டிசம்பர் கச்சேரி. வெறுமே 'சென்னையின்' என்று நிறுத்தினால் காது அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சென்னையின் எது?

அணி வாங்கிய இந்தியன் சூப்பர் லீக் கோப்பைகளையே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மிதந்தபோது, இங்கே நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்துவிட்டு, கோவாவில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை கிடைத்தது. 2018 இறுதிப் போட்டி பெங்களூரில், அதுவும் 3-2. சென்னை சிட்டி எஃப்.சி. என்று இன்னொரு அணி இருந்ததே, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் 2018-19 சாம்பியன், அது பட்டத்தை வென்றது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஆக மூன்று கோப்பையும் சென்னை பெயரில்தான் இருக்கிறது, ஒன்றைக்கூடச் சென்னைக்காரன் பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் 'கிரிக்கெட் ஊர்'. இந்தச் சண்டை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல, "அந்த இடமே எங்களுடையது" என்று எழுதும் கிரிக்கெட் அன்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. பெரியமேட்டு நேரு ஸ்டேடியம் கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். மன்கட் 231, ராய் 173. டெஸ்டில் அதைத் தாண்ட 2008 வரை, 52 வருடம், யாராலும் முடியவில்லை. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் 1965-க்குப் பிறகு டெஸ்ட் அங்கே நடக்கவில்லை, கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே போய்விட்டது. 1993-ல் கால்பந்துக்காக அதைப் புதிதாகக் கட்டினார்கள். காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு இன்னும் பாத்தியதை கேட்டால் எப்படி?

கட்டியவர்கள் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. புல்தரையைச் சுற்றி ஓடுதளம் போட்டதில் ரசிகன் எங்கோ, பந்து எங்கோ என்று ஆகிவிட்டது. சட்டை எண்ணைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும். 2018 மார்ச் 13, கோவாவுக்கு எதிரான அரையிறுதி இரவில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நம் அணியின் ஜெஜே ஒரு கோல் போட்ட சூடு ஆறுவதற்குள் இரண்டாவதும் விழுந்துவிட்டது. யார் போட்டது என்று நான் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த பெரியவர், லுங்கி, தோளில் துண்டு, எழுந்து நின்றுவிட்டார். "கணேசு! எங்க ஏரியா பையன்!" ஓடுகிற விதத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். வியாசர்பாடி தனபால் கணேஷ். அடுத்த பத்து நிமிடம் அவர் உட்காரவே இல்லை, பின்னால் இருந்தவர்களும் உட்காரச் சொல்லவில்லை.

எனக்கு 'சென்னையின்' என்ற சொல் முழுசாகக் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

வடசென்னைக்குக் கால்பந்தை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023 டியூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டுக் கொல்கத்தாவையே புரட்டிய நந்தகுமார் சேகர் நம்மூர்ப் பையன்தான். இவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் வீட்டிலிருந்து நேரு ஸ்டேடியம் சில கிலோமீட்டர்தான், நடுவில் நிற்பது டிக்கெட் காசும், மேட்ச் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்ப ஒரு பஸ்ஸும். நாற்பதாயிரம் இருக்கையில் பாதி காலி என்றால், அதில் இரண்டாயிரத்தை வடசென்னை கிளப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். மைதானம் பெரிசு என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கொளத்தூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். பந்து உங்கள் பக்கம் வந்தால் உதைத்துத் திருப்பி அனுப்புங்கள், கையால் எடுத்தால் பையன்கள் கத்துவார்கள்.