4×4-ஆ, 5×5-ஆ? தோட்டக் கொட்டகைக்கு உத்திரம் வாங்கும் முன்

கேள்வி: குமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் எங்கள் வீடு. பின்னால் தோட்டத்தில் பலா மரத்துக்குக் கீழே 12 அடி நீளம், 10 அடி அகலத்தில் நான்கு தூண் நிறுத்தி, பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த மங்களூர் ஓட்டைப் போட்டு ஒரு சின்னக் கொட்டகை கட்டலாம் என்று இருக்கிறேன், சாயங்காலம் உட்கார்ந்து சாயா குடிக்கத்தான். உத்திரத்துக்கு 4×4 அங்குலக் கட்டை போதும் என்கிறார் மரக்கடைக்காரர். ஆசாரி 5×5-க்குக் குறைந்தால் கை வைக்க மாட்டேன் என்கிறார். அயினி மரம்தான் வாங்கப் போகிறேன். யார் சொல்வதைக் கேட்க?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். தூணுக்குச் சதுரக் கட்டை சரி, உத்திரத்துக்கு எதற்குச் சதுரம்? உத்திரம் தொய்யாமல் நிற்பது அதன் உயரத்தால். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்குதான், உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. ஒரு 3×6 கட்டையை 6 அங்குலம் நிற்கும்படி வைத்தால், தொய்வைப் பொறுத்தவரை அது ஆசாரியின் 5×5-க்குச் சமம், சொல்லப்போனால் ஒரு பொடி கூடுதல். மரமோ நாலில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

காசுக் கணக்கு இப்படிப் போகும்: அகலம் அங்குலத்தில், உயரம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 12 அடி நீளத்துக்கு 5×5 என்றால் 2.08 கன அடி, 3×6 என்றால் 1.5. கடைக்காரர் சொன்ன 4×4 வெறும் 1.33, ஆனால் விறைப்பு 3×6-இல் பாதிகூட இல்லை.

ஆனால் உங்களுடையது ஓடு. சட்டத்தோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் வரும், தகரம் மாதிரி ஐந்தாறு கிலோ சமாச்சாரம் இல்லை. 12 அடிக்கு நடுவில் தாங்கலே இல்லாமல் ஓட்டை ஏற்றினால் 3×6, 5×5 இரண்டுமே நாளாக நாளாக நடுவில் குழியும். முறியாது, ஆனால் ஓட்டு வரிசை வளைந்து இடுக்கு விட்டு, நம்ம ஊருக்குத்தான் வருஷத்தில் இரண்டு மழைக்காலம் ஆயிற்றே, ஒழுக ஆரம்பிக்கும். 4×8 வாங்கினால் நிற்கும். அதைவிட, பக்கத்துக்கு ஒரு தூண் நடுவில் கூடுதலாக வைத்துவிடுங்கள். இடைவெளி 12 அடி 6 அடியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும், 3×6 தாராளம். இரண்டு 4×4 தூண் எட்டடி நீளத்தில் 1.78 கன அடிதான், 4×8 உத்திரத்துக்குப் போனால் இரண்டுக்கும் சேர்த்து 2.33 கன அடி கூடுதல். தூண் தலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் ஆறடித் துண்டுகளாக வாங்கினாலும் போதும். ஊஞ்சல் போடும் ஆசை இருந்தால் ஆசாரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அது தொங்கும் உத்திரத்தை மட்டும் தடிமனாக்க வேண்டும்.

கடையில் டேப்பை நீங்களே பிடியுங்கள். 6 அங்குலம் என்று கணக்குப் போட்டுவிட்டு இழைத்த பிறகு ஐந்தரை கொடுப்பார்கள், அந்த அரை அங்குலத்தில் விறைப்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போகும். இழைப்புக்கு முன்னா பின்னா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டையின் அளவும் தனித்தனியாக. ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத பகுதி, இருந்தால் பூச்சி முதலில் அங்கேதான் வரும், வைரம் பாய்ந்த கட்டையாகக் கேட்டு வாங்குங்கள். உத்திரத்தின் நடுப்பகுதியில், அடிப்பக்கமாகப் பெரிய கணு வந்தால், கணு மேலே வரும்படி திருப்பி வைக்க ஆசாரியிடம் சொல்லுங்கள், அல்லது கடையிலேயே அந்தக் கட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தூணை மண்ணில் புதைக்காதீர்கள், கறையான் விடாது. கான்கிரீட் மேடை, அதில் இரும்புப் பட்டை, அதன் மேல் தூண். உத்திரத்தைத் தூணோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், ஆணி போதாது. 2017 ஒக்கி புயலில் காற்று அடித்ததைப் பார்த்தவர்தானே நீங்களும், நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று அடியில் புகுந்து மேலேதான் தள்ளும்.

அப்புறம், அந்தப் பலா மரம். ஒரு பழம் விழுந்தால் ஓடு என்னாகும் என்று யோசித்தீர்களா? காய்க்கும் கிளைகளுக்கு அடியில் வராதபடி தள்ளிக் கட்டுங்கள்.