குவார்க் கணக்கு: வாசகர் ஐயங்கள்

கே: பெந்தாகுவார்க்கின் மின்னேற்றத்தைக் கூட்டினால் எனக்கு 7/3 வருகிறது. எங்கே பிழை? – உயர்தர மாணவி, ஹட்டன்

ப: கடைசி எண்ணில். புரோத்தன் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துணிக்கைகள்தான் குவார்க்குகள். எதிர்க்குவார்க்கையும் சேர்த்து ஐந்து கூடியது பெந்தாகுவார்க். சேர்ன் ஆய்வுகூடத்தின் எல்.எச்.சி.பி குழு 2015இல் அறிவித்த பெந்தாகுவார்க்கில் இரண்டு அப், ஒரு டவுன், ஒரு சாம், ஒரு எதிர்ச்சாம் உண்டு (அப், டவுன், சாம் என்பவை குவார்க் வகைகளின் பெயர்கள்). அப், சாம் ஒவ்வொன்றுக்கும் +2/3, டவுனுக்கு −1/3. நீங்கள் எதிர்ச்சாமுக்கும் +2/3 போட்டுவிட்டீர்கள். 'எதிர்' என்று கண்டதும் குறியை மாற்றுங்கள்: 2/3 + 2/3 − 1/3 + 2/3 − 2/3 = +1. புரோத்தனுக்கும் இதே ஏற்றம்தான்.

விடை எழுதுமுன் இன்னொன்றையும் பாருங்கள். குவார்க்குகளின் எண்ணிக்கையில் எதிர்க்குவார்க்குகளைக் கழித்தால் வருவது மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும். இங்கே 4 − 1 = 3. புரோத்தனுக்கு 3, ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் கொண்ட பயோனுக்கு 0. வெறும் இரண்டு குவார்க் என்றால் 2 வரும். அப்படியொரு துணிக்கை தனித்து நிற்காது.

கே: ஏன் நிற்காது? ஒரு குவார்க்கை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாதா? – பண்டாரவளை

ப: குவார்க்குக்கு மின்னேற்றம் போக 'நிற ஏற்றம்' என்று ஒன்றும் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம். கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல, பெயர் மட்டுமே. மூன்றும் கூடினாலோ, ஒரு நிறம் தன் எதிர்நிறத்தோடு சேர்ந்தாலோ நிறம் தீர்ந்துவிடும். தீர்ந்தவை மட்டுமே வெளியே உலவும். காந்தத்தின் விசை விலக விலகத் தளரும். குவார்க்கைப் பிடுங்கப் பார்த்தால் விசை அப்படித் தளராது. ஒரு ஃபெம்டோமீற்றர் (ஏறத்தாழ புரோத்தனின் ஆரை) இழுக்கவே ஏறத்தாழ 1000 மெகா இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளுக்கான சக்தி அலகு) செலவாகும். அந்தச் சக்தி ஒரு குவார்க்–எதிர்க்குவார்க் சோடியாகிப் பிறக்கும். நீங்கள் இழுத்த குவார்க்கோடு எதிர்க்குவார்க் சேர்ந்து மேசனாகிவிடும்.

கே: மூன்று குவார்க்கின் திணிவைக் கூட்டினால் புரோத்தனின் திணிவு வரவில்லையே? – பதுளை

ப: வராது. துணிக்கைகளின் திணிவையும் சக்தி அலகிலேயே சொல்வோம். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 9 மெகா இலத்திரன்வோல்ற்றுத்தான், புரோத்தனுக்கு 938. மிச்சமெல்லாம் பெரும்பாலும் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவோன் புலத்தின் சக்தியும் குவார்க்குகளின் இயக்கச் சக்தியும்.

கே: பெந்தாகுவார்க் உண்மையில் ஒரே துணிக்கையா, இரண்டு ஒட்டிக்கொண்டதா? – ஆசிரியர், தலவாக்கலை

ப: விவாதம் ஓயவில்லை. 2019இல் கூடுதல் தரவோடு பார்த்தபோது, தரவு வரைபடத்தில் 4450 மெகா இலத்திரன்வோல்ற்றுத் திணிவில் ஒற்றை மேடாகத் தெரிந்தது 4440, 4457 என இரண்டாகப் பிரிந்தது. 4312இல் புதிதாக ஒன்றும் எழுந்தது. 4312, 4457 இரண்டும் ஒரு சாம் பேரியனும் (சாம் உள்ள முக்குவார்க் துணிக்கை) ஒரு மேசனும் தனித்தனியே இருக்கத் தேவையான சக்திக்குச் சற்றே கீழே நிற்கின்றன. தளர்வாக ஒட்டிய சோடி இப்படித்தான் நிற்கும். எங்கள் சாய்வும் அந்தப் பக்கமே. 2003இல் பெந்தாகுவார்க் என்று அறிவித்த 'தீற்றா பிளஸ்' வேறு கதை. கூடுதல் தரவு வந்ததும் அது மறைந்துபோனது. பழைய குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

கே: இவற்றில் எதையாவது நுவரெலியாவில் காணலாமா? – நானுஓயா

ப: பயோனின் பிள்ளையைக் காணலாம். அண்டக் கதிர்ப் புரோத்தன்கள் மேல் வளிமண்டலத்தில் மோதிப் பயோன்களைப் பிறப்பிக்கின்றன. அவை கணத்தில் தேய்ந்து, இலத்திரனைப் போன்ற ஆனால் கனமான மியூவன்களாகின்றன. கடல்மட்டத்தில் விரித்த உள்ளங்கை வழியே செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்று போகும். 1868 மீற்றர் உயரத்தில் இன்னும் கூட. அவற்றின் தடத்தைக் காண, கண்ணாடித் தொட்டியைக் கறுப்பு உலோகத் தகட்டின்மேல் கவிழ்த்து, தகட்டுக்கு அடியில் உலர் பனிக்கட்டி வையுங்கள். தொட்டியின் மேற்பக்கத்தில் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் ஊறிய தடித்த துணியை ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கிப் பத்து நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள். நீண்டு மெலிந்த நேர்கோடுகளில் பல மியூவன்களே. ஒன்றும் தெரியாவிட்டால் பெரும்பாலும் விளிம்பால் காற்று கசிகிறது. ஒட்டுநாடாவால் சுற்றி அடையுங்கள். உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள், யன்னல் ஒன்றைத் திறந்தே வையுங்கள்.