யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் குடும்பத்துக்கு டிக்கி பெரிய கார் எது: ஃபிட்டா, வாகன்ஆரா, அக்சியோவா?

வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து ஏற்றிவர வேண்டும், வீட்டில் ஐந்து பேர், இந்த மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஹொண்டா ஃபிட். மூன்றிலும் சாமான் ஏற்றி ஏ9 வீதியால் வந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து மாமியும் மச்சாளும் வந்தபோது அண்ணாவின் அக்சியோவைத்தான் கொண்டுபோனோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. முதல் இரண்டும் டிக்கியில் நன்றாகப் படுத்துவிட்டன. மூன்றாவதுக்கு மேலே இடம் இருந்தது, ஆனால் வாசல் போதவில்லை. அக்சியோ செடான், அதாவது டிக்கி தனியாகப் பின்னுக்கு நீண்டிருக்கும் கார்; அதில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள திறப்பு ஒடுக்கம். "தம்பி, உதைக் கொஞ்சம் சரிச்சு விடுங்கோ" என்று மாமி சொல்லச் சொல்ல நானும் அண்ணாவும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சில்லுப் பக்கத்தை முதலில் விட்டபோதுதான் உள்ளே போனது. நான்காவது பெட்டி பின் சீற்றில் மாமிக்கும் மச்சாளுக்கும் நடுவில் ஏறியது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோது மாமியின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

விமானப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. 76, 50, 32 என்று வைத்தால் ஒரு பெட்டி 120 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். நான்குக்கும் 480 லீற்றர் தாண்டும். அப்படியென்றால் 500 லீற்றர் டிக்கி போதும்தானே என்று நினைப்போம். போதாது. பல கொம்பனிகள் டிக்கியை அளப்பது 20 x 10 x 5 சென்ரிமீற்றர் கட்டைகளை அடுக்கி. ஒரு கட்டை ஒரு லீற்றர். சில்லு மேட்டின் பக்கத்து மூலைக்குள்ளும் கட்டை போகும், பெட்டி போகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்திய விமர்சனங்களில் வாகன்ஆருக்கு 341 லீற்றர் என்று இருக்கும். அது அங்கே 2019 முதல் விற்கும் பெரிய வாகன்ஆர். இங்கே அதிகம் ஓடுவது ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி வண்டி. பெயர் ஒன்று, வண்டி வேறு. ஜப்பான் சட்டப்படி அதன் நீளம் 3.4 மீற்றரைத் தாண்டக்கூடாது. பின் சீற்றை முன்னுக்குத் தள்ளலாம், அது நல்ல வசதிதான், ஆனால் தள்ளினால் பின்னால் இருப்பவரின் முழங்கால் முட்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருமையான கார். விமான நிலையத்துக்கு வேண்டாம்.

ஃபிட்டில் பெற்றோல் தாங்கி முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பின் சீற்றை மடித்தால் தாழ்ந்து தட்டையாகப் படுக்கும். ஒடுங்கிய பக்கத்தை மட்டும் மடித்து, மற்றப் பக்கத்தில் இரண்டு பேரை இருத்தி, நான்கு பேரும் நான்கு பெட்டியுமாக அடுத்த தடவை வந்தோம். கதவு கூரை வரை திறப்பதால் பெட்டியைச் சரிக்கவே தேவைப்படவில்லை. பின் சீற்றின் இருக்கையை மேலே நிமிர்த்தியும் விடலாம். அந்த இடத்தில் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று இரண்டை நிற்க வைத்தே கொண்டுவந்தேன்.

ஐரோப்பாவில் ஜாஸ் என்ற பெயரில் விற்ற மூன்றாம் தலைமுறை ஃபிட்டுக்கு 354 லீற்றர் என்று போட்டிருப்பார்கள். அது ஹைபிரிட் இல்லாத கார். நம்மிடம் பெரும்பாலும் இருப்பது ஹைபிரிட், அதன் பற்றரி டிக்கித் தரைக்குக் கீழே இருப்பதால் இடம் குறையும். வாங்குமுன் தரையைத் தூக்கி உதிரிச் சில்லு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஹைபிரிட்டில் அது இல்லை. அக்சியோ ஹைபிரிட்டில் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் டிக்கிக்குப் பாதிப்பு இல்லை.

ஐந்து பேரும் நான்கு பெரிய பெட்டியும் ஒரே பயணத்தில் என்றால் இந்த மூன்றும் சரிவராது. அன்றைக்கு வான் பிடியுங்கள். மற்ற நாட்களுக்கு, கார் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் பெரிய பெட்டி இரண்டைக் கையோடு கொண்டுபோய் விற்பவரின் முற்றத்திலேயே ஏற்றிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். கொடுக்கிற காசு கொஞ்சமில்லை.

பாரமான பெட்டியைக் கீழே, சீற்றோடு ஒட்டி வையுங்கள். பின் சீற்றின் முதுகுக்கு மேலே உயர அடுக்கினால், ஆனையிறவுப் பக்கம் மாடு குறுக்கே வந்து சடுதியாகப் பிரேக் அடிக்கும்போது அது முன்னால் இருப்பவரின் பிடரிக்கு வரும். பின் ரயரின் காற்றையும் வெளிக்கிட முன் பாருங்கள், முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று சாரதிக் கதவோரத்து ஸ்ரிக்கரில் இருக்கும்.