டாக்டர் வில்லியம்ஸின் நோயாளிகள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து கவிதை எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, குழந்தைகளின் வீட்டுப்பாடம். எழுத உட்காரும்போது உடம்பில் தெம்பே இருப்பதில்லை. இலக்கியம் முழு ஆளையும் கேட்கும், ஓய்வு நேரத்தில் எழுதினால் தேறாது என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் டாக்டராக இருந்துகொண்டே எழுதினார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவருடைய சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதையை மொழிபெயர்ப்பில் படித்தேன். வண்டி, மழைத்தண்ணீர், வெள்ளைக் கோழிகள், அவ்வளவுதான். நேரம் இல்லாததால்தான் இப்படிச் சின்னதாக எழுதினாரா? வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆஸ்பத்திரியைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அங்கே கவிதைக்கு என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வில்லியம்ஸ் 1883-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரதர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா இங்கிலாந்தில் பிறந்தவர், அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தபோது கவிஞர் எஸ்ரா பவுண்டின் சிநேகிதம் கிடைத்தது. பவுண்ட் ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனார். பின்னால் இன்னொரு அமெரிக்கக் கவிஞரான டி.எஸ். எலியட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டார். வில்லியம்ஸ் 1910-ல் பிறந்த ஊரிலேயே கிளினிக் தொடங்கி, நாற்பது வருஷம் அங்கேயே வைத்தியம் பார்த்தார். குழந்தை மருத்துவம், பிரசவம் இரண்டும் அவருடைய வேலை. அவர் கையில் பிறந்த குழந்தைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்பார்கள்.

அவரிடம் வந்தவர்கள் வசதியானவர்கள் இல்லை. பக்கத்திலேயே பசாயிக் ஆறு, அதன் கரையோரம் ஆலைகள். ஆற்றின் மேல்பக்கம் போனால் பட்டு நெசவுக்குப் பேர்போன பாட்டர்சன் நகரம். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கெல்லாம் நிறைய. 1918-ல் இன்ஃபுளுவென்சா பரவியபோது ஒரே நாளில் அறுபது வீடுகள் வரை போய் நோயாளிகளைப் பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கையில் பயன்படக்கூடிய மருந்து ஒன்றும் இல்லை. இளம் டாக்டர் ஒருவர் அந்தக் காய்ச்சலிலேயே இறந்துபோனார்.

இதற்கு நடுவில்தான் எழுத்து. மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரிகளைக் குறித்து வைப்பார். கிளினிக் மேஜைக்குள் மடக்கி வைக்கிற மாதிரி ஒரு டைப்ரைட்டர் இருந்தது. ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் அதை வெளியே எடுத்துத் தட்டுவார். உங்கள் கவிதைமொழி எங்கிருந்து வருகிறது என்று கேட்டவரிடம், போலந்துத் தாய்மார்களின் வாயிலிருந்து என்றாராம். வைத்தியமும் கவிதையும் தனக்குக் கிட்டத்தட்ட ஒரே காரியம்தான் என்று சுயசரிதையில் சொல்கிறார். களைத்துப்போய் நோயாளி வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் தன்னையே மறந்து அந்த ஆளாக ஆகிவிடுவாராம். வெளியே வரும்போது களைப்பு போயிருக்குமாம்.

அவருடைய ஒரு சிறுகதையைக் கட்டாயம் படியுங்கள். தொண்டையில் படலம் படர்ந்து உயிரையே குடிக்கும் டிப்தீரியா நோய் பரவிக்கொண்டிருக்கும் சமயம். காய்ச்சலோடு இருக்கும் ஒரு சிறுமியைப் பார்க்க டாக்டர் அவள் வீட்டுக்குப் போகிறார். தொண்டையைப் பார்த்தாக வேண்டும். அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அவள் பாய்ந்து வந்ததில் டாக்டரின் கண்ணாடி கீழே விழுகிறது. நாக்கை அழுத்த வைத்த மரத் தகட்டைக் கடித்து நொறுக்கிவிடுகிறாள், வாயில் ரத்தம். விட்டுவிட்டு அப்புறம் வரலாம் என்று தோன்றும் அந்த நிமிஷத்தில், தனக்குள் வெறி ஏறிவிட்டதையும், அவளை அடக்குவதில் ஒரு இன்பம் இருந்ததையும் டாக்டர் மறைக்காமல் சொல்கிறார். கடைசியில் ஒரு கனத்த ஸ்பூனைத் தொண்டைவரை செலுத்திப் பார்க்கிறார். இரண்டு டான்சிலிலும் படலம். அவள் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது அதைத்தான்.

உயிரைக் காப்பாற்றும் காரியத்துக்குள் இருக்கும் வன்முறையை இந்த அளவு நேர்மையாகச் சொன்ன கதைகள் மிகக் குறைவு. ஊசி போட வரும்போது கையை இழுத்துக்கொள்ளும் குழந்தையை நீங்கள் எத்தனை தடவை அமுக்கிப் பிடித்திருப்பீர்கள்! அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பது வெளியிலிருந்து எழுதும் யாருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு அங்கே கவிதைக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, தள்ளுவண்டிக்கு வருவோம். மூலத்தில் பதினாறே வார்த்தைகள். 1923-ல், உரைநடையும் கவிதையும் கலந்த ஒரு புத்தகத்தில் தலைப்பு இல்லாமல், வெறும் எண்ணோடு வந்தது. பிரான்ஸில் அச்சான அந்தப் புத்தகம் மொத்தம் முந்நூறு பிரதிதான், வெளியே தெரியவே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் எலியட்டின் நீள்கவிதை வந்து எல்லாக் கவனத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. தங்கள் உலகத்தின் மேல் அணுகுண்டு போட்டது மாதிரி இருந்தது என்று வில்லியம்ஸ் பின்னால் எழுதினார். அந்த வண்டி மார்ஷல் என்ற வயதான கறுப்பினத்தவர் வீட்டின் பின்பக்கம் நின்றது. அவர் முன்பு மீன்பிடித் தொழிலில் இருந்தவர். உடைந்த பனிக்கட்டியில் கணுக்கால் புதைய நின்று மீனை அடுக்கிய கதையையெல்லாம் வில்லியம்ஸிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் மேல் தனக்கு இருந்த பிரியம் எப்படியோ கவிதைக்குள் வந்துவிட்டது என்கிறார் வில்லியம்ஸ். இத்தனைக்கும் கவிதையில் மார்ஷல் இல்லை. மனிதரைச் சொல்லாமல் அவர் புழங்கிய வண்டியை மட்டும் வைத்திருக்கிறார். நேரம் இல்லாதவர் அவசரத்தில் கிறுக்கியது இப்படி நிற்காது. அதே ஆள்தான் பாட்டர்சன் நகரத்தைப் பற்றி ஐந்து பாகம் கொண்ட நெடுங்கவிதையை 1946-லிருந்து 1958 வரை வெளியிட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். வில்லியம்ஸின் வீட்டில் ஃபிளாஸி என்று கூப்பிடப்பட்ட ஃபிளாரன்ஸ் இருந்தார். 1912-ல் கல்யாணம். வீட்டையும் இரண்டு பையன்களையும் அவர் பார்த்துக்கொண்டார். இரவில் வில்லியம்ஸ் எழுத உட்கார்ந்தபோது அடுப்படி அவருக்காகக் காத்திருக்கவில்லை. இவ்வளவுக்கும் அவர் மனைவிக்கு உண்மையாகவும் இருக்கவில்லை. வயதான பிறகு ஃபிளாஸியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட காதல் கவிதை எழுதினார். எனக்கு அவர் எழுதியதிலேயே மிகப் பிடித்தது அதுதான். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உங்கள் எழுத்தைத் தின்பது டூட்டி மட்டும் இல்லை. டூட்டி முடிந்து வந்ததும் தொடங்கும் அந்த இரண்டாவது டூட்டி. வேலையை விட்டால் சம்பளம் போகும், சமையல் போகாது. முதலில் வீட்டில் பேசுங்கள். வாரத்தில் சில மணி நேரம் உங்களுடையது என்று கறாராகச் சொல்லுங்கள்.

அங்கீகாரம் அவருக்கும் தாமதமாகத்தான் வந்தது. 1909-ல் சொந்தக் காசில் போட்ட முதல் புத்தகம் விற்கவே இல்லை. தேசியப் புத்தக விருது கிடைத்த 1950-ல் வயது அறுபத்தாறு. அடுத்த வருஷமே பக்கவாதம். கிளினிக்கை மகனிடம் கொடுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகர் பதவி 1952-ல் வந்தது. கம்யூனிஸ்ட் சார்பு என்ற புகார் கிளம்பி, அந்த நாற்காலியில் அவர் உட்காரவே முடியவில்லை. மனச்சோர்வு முற்றி 1953-ல் மருத்துவமனையில் இருந்தார். வலது கை விழுந்த பிறகு இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித்தான் கடைசிக் கவிதைகளை எழுதினார். 1963 மார்ச் 4 அன்று இறந்தார். புலிட்சர் பரிசு மே மாதம் அறிவிக்கப்பட்டது.

நீங்கள் கவிதைகளில் தொடங்க வேண்டாம். அவருடைய மருத்துவக் கதைகளை ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர் தொகுத்து 1984-ல் ஒரு சின்னப் புத்தகமாகக் கொண்டுவந்தார். நான் சொன்ன சிறுமியின் கதை அதில் இருக்கிறது. ஆங்கிலம் எளிமையானது, வீட்டில் பேசுகிற மாதிரிதான் இருக்கும். டூட்டிக்கு நடுவில் பத்து நிமிஷம் கிடைத்தால் ஒரு கதை முடிந்துவிடும். அதற்கு அப்புறம் வார்டில் நீங்கள் பார்த்த ஒருவரைப் பற்றி, பெயரை மாற்றி, ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். கவிதையாக வர வேண்டும் என்ற கட்டாயமில்லை.