முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு: விருப்ப ஓய்வு தடையா?

கேள்வி: தரைப்படையில் 17 ஆண்டுகள் பணியாற்றி, நானே விண்ணப்பித்து ஓய்வூதியத்துடன் வெளிவந்தேன். வயது 38. உச்ச வயது 27 என்றுள்ள மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிக்கு முன்னாள் படைவீரராக விண்ணப்பிக்கலாமா? (வாசகர், வேலூர் மாவட்டம்)

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். சொந்த விருப்பத்தில் விலகியிருந்தாலும், ஓய்வூதியத்துக்கு உரிய பணிக்காலத்தை முடித்த பின் விலகியவரை மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களின் மறுவேலைவாய்ப்புக்கான 1979ஆம் ஆண்டு விதிகள் முன்னாள் படைவீரராகவே ஏற்கின்றன. ‘சி’ பிரிவின் நேரடி நியமனங்களில் அவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதைப் பொறுத்தவரை, 38இலிருந்து படைப்பணியின் 17 ஆண்டுகளைக் கழித்தால் 21 வருகிறது. இவ்வாறு கழித்து வரும் வயது உச்ச வரம்பை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாதிருந்தாலே போதும் என்பதால், கவலை வேண்டாம்.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான். ஒதுக்கீட்டின் பயனைப் பெற்று ஒரு மத்திய அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், அடுத்த பணிக்கு அந்த ஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது. ஆனால், சேர்வதற்கு முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்து, அவற்றை விண்ணப்பத் தேதிகளுடன் பட்டியலிட்டு, சேர்ந்தவுடன் அலுவலகத்தில் உறுதிமொழியாக அளித்தால், அந்தப் பணிகளுக்கு மட்டும் உரிமை நிலைக்கும். இந்த ஒரு தாளைக் கொடுக்கத் தவறி நல்ல வாய்ப்பை இழக்க வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். படையிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை இன்றே பாருங்கள். வேறுபாடு இருப்பின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள்.