ஒலித்தயாரிப்பு இயங்குதளத்தில் பொதிகளைப் பராமரிப்பவருக்கு உண்மையில் என்ன வேலை?

கேள்வி: உபுண்டு ஸ்டுடியோ போன்ற ஒலித்தயாரிப்பு இயங்குதளங்களில் மென்பொருளை எழுதுபவர் ஒருவர், அதைப் பயனர்கள் எளிதில் நிறுவும் பொதியாக்கிப் பராமரிப்பவர் வேறொருவர் என்கிறார்கள். எழுதியவரே வெளியிட்டுவிட்ட பிறகு நடுவில் இன்னொருவர் எதற்கு?

உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தில் சில ஒலிச் செருகுநிரல்களின் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஒலியை மாற்றப் பயன்படும் சிறு நிரல்களின்) பொதிகளை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2007 மே மாதம் முதன்முதலாக வெளிவந்த உபுண்டு ஸ்டுடியோவில் நீங்கள் காணும் ஆர்டர் (ஒலிப்பதிவு), ஹைட்ரஜன் (டிரம்), கிட்டாரிக்ஸ் (கிட்டார் ஒலி) முதலிய மென்பொருள்களின் பொதிகள் பெரும்பாலும் டெபியனின் பல்லூடகக் குழுவில் உருவாகி, அங்கிருந்து உபுண்டுவுக்குச் செல்பவை. ஆகவே நான் சொல்லப்போவது இரண்டுக்குமே பொருந்தும்.

என் வேலை என்ன என்று வீட்டில் கேட்டபோது நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். இன்று ஒருவர் பதிவுசெய்து சேமித்த பாடலை ஐந்து ஆண்டுகள் கழித்து, வேறு கணினியில், இயங்குதளத்தின் புதிய பதிப்பில் திறந்தாலும் அன்று ஒலித்ததுபோலவே ஒலிக்க வேண்டும். நான் செய்யும் மற்ற எல்லாமே இதற்காகத்தான்.

இது ஏன் கடினம் என்பதற்கு, ஆர்டரின் செஷன் கோப்பை (ஒரு பாடலின் அமைப்பைச் சேமித்துவைக்கும் கோப்பை) ஒருமுறை உரைத் தொகுப்பியில் திறந்து பார்த்தால் போதும். அது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. செருகுநிரல்களைப் பொறுத்தவரை, எந்த டிராக்கில் எது இருக்கிறது, அதன் குமிழ்கள் எந்த அளவில் திருப்பப்பட்டுள்ளன என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருக்கும். செருகுநிரல் அதற்குள் இருக்காது. எல்வி2 என்ற தரத்தைப் பின்பற்றும் செருகுநிரல் ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரியைப் போன்ற தனி அடையாளம் ஒன்று உண்டு, செஷன் அதை வைத்துத்தான் தேடும். கிடைக்காவிட்டால் ஆர்டர் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அந்த இடத்தில் செயலற்ற வெற்றுப் பெட்டி ஒன்றை வைத்துவிடும். பாடகரின் குரலுக்குப் பின்னால் எதிரொலியைச் சேர்த்த ரிவர்ப் செருகுநிரல் அப்போது இருக்காது. உரைத் தொகுப்பி ஒன்று, பொதிகள் சேமிக்கப்படும் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டால் அதே கோப்பை வேறொன்றில் திறந்துகொள்ளலாம். ரிவர்ப் நீக்கப்பட்டால் வேறு ரிவர்பைக் கொண்டு அதே பாடலை மீட்க முடியாது. ஆகவே மென்பொருளை எழுதிய மூல ஆசிரியர் ஒரு புதிய பதிப்பை அனுப்பும்போது நான் முதலில் பார்ப்பது புதிய வசதிகளை அல்ல, அந்த அடையாளங்கள் பழையபடியே இருக்கின்றனவா என்பதைத்தான்.

ஒலிச் செருகுநிரல் தனி நிரலாக இயங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஆர்டரின் நினைவகத்துக்குள்ளேயே ஏறி உட்காருகிறது. அது விழுந்தால் ஆர்டரும் சேர்ந்து விழும், சேமிக்காத பதிவும் போகும். சாளரங்களை வரைய உதவும் ஜிடிகே2 நிரலகத்தை (பல மென்பொருள்கள் பகிரும் நிரல் தொகுப்பை) பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்குள், அதன் அடுத்த பதிப்பான ஜிடிகே3 சாளரம் கொண்ட செருகுநிரலை நேரடியாக ஏற்றினால், இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று ஒரு வரியை எழுதிவிட்டு மொத்த நிரலும் நின்றுவிடும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் நன்றாகவே இயங்கும். மூல ஆசிரியர் தம் கணினியில் தம் செருகுநிரலை மட்டும் பார்க்கிறார். ஒரே கணினியில் நூறு பேருடைய செருகுநிரல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்று பார்க்க வேண்டியவர் பராமரிப்பாளர்.

இனி, மூல நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றிக் கட்டமைக்கும் வேலை. ஒலி மென்பொருளை எழுதுபவர்கள் வேகத்துக்காக உயிரை விடுபவர்கள். அதற்கு நியாயமும் உண்டு. வினாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒரு தவணைக்கு (ஒரே தடவையில் கணக்கிடும் துண்டுக்கு) 128 மாதிரிகள் என்று வைத்துப் பாடுபவருக்கு, எல்லா டிராக்குகளின் எல்லாக் கணக்குகளும் 2.67 மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் காதில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். ஆகவே பலர் தம் கட்டமைப்புக் கோப்பில் 'மார்ச்=நேட்டிவ்' என்ற அமைப்பை வைத்துவிடுவார்கள். நிரலைக் கட்டும் கணினியின் செயலிக்கு இருக்கும் அத்தனை வசதிகளையும் பயன்படுத்து என்பது அதன் பொருள். தம் கணினியில் தாமே கட்டிக்கொள்பவருக்கு அது நல்லது. டெபியனிலோ ஒரு வழங்கி கட்டித்தருவதைத்தான் எல்லோரும் நிறுவுகிறார்கள். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் செருகுநிரல்) பொதியின் முதன்மைக் கோப்பிலிருந்து அந்த அமைப்பை நீக்கியிருந்தேன். உட்கோப்புறை ஒன்றிலிருந்த இரண்டாவது கோப்பில் அதே வரி இருந்ததைக் கவனிக்கவில்லை. சில வாரங்களில் பழைய மடிக்கணினி வைத்திருந்த ஒருவரிடமிருந்து வழு அறிக்கை வந்தது. அவருடைய செயலிக்குத் தெரியாத ஒரு கட்டளை வந்ததால், செருகுநிரலைச் சேர்த்த நொடியிலேயே எல்லாம் நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து கட்டமைப்பின் முழுப் பதிவையும் வரி வரியாகப் படிக்காமல் நான் எதையும் பதிவேற்றுவதில்லை.

இதைவிட நுட்பமான ஒன்று சில ஆண்டுகளுக்குமுன் நடந்தது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் ரிவர்ப் செருகுநிரல் ஒன்றில் பல ஆண்டுகளாக மூல நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. டெபியன் 13 தயாராகிக்கொண்டிருந்தபோது, நிரலைக் கட்டும் கருவியான கம்பைலரின் புதிய பதிப்பைக் கொண்டு அதை மீண்டும் கட்டியதோடு சரி. அதன்பின் ஒருவர் எழுதினார்: தாளத்தை அடித்ததும் ஒன்றும் ஆவதில்லை, அடித்து நிறுத்திய பின் ரிவர்பின் வால் தேய்ந்து மறையும் நேரத்தில்தான் கணினியின் சுமை ஏறுகிறது, ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது என்று. ஒலி குறையும்போது வேலை கூடுவது வினோதமாகத் தோன்றும். ஆனால் எதிரொலி தேயத் தேய, கணக்கில் வரும் எண்கள் பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போய், 'டீநார்மல்' எனப்படும் மிக நுண்ணிய எண்களாகிவிடும். சாதாரண எண்ணைக் கையாள்வதைவிடப் பல மடங்கு நேரம் அவற்றுக்குச் செலவாகும். அப்படிப்பட்ட எண்களைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள் என்று செயலிக்குச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு.

அந்தச் செருகுநிரல், கணக்கின் துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்து வேகத்தைக் கூட்டும் 'ஃபாஸ்ட்-மாத்' என்ற தேர்வோடு கட்டப்பட்டது. ஜிசிசி கம்பைலரின் பழைய பதிப்புகள், அந்தத் தேர்வைக் கண்டால் கட்டப்படும் நிரலகத்துக்குள் (செருகுநிரலும் ஒரு நிரலகமே) ஒரு சிறு துண்டைச் சேர்த்துவிடும். நிரலகம் ஏற்றப்பட்டதும் அந்தத் துண்டு செயலியில் மேற்சொன்ன அமைப்பை இயக்கிவிடும். இது தன்னை ஏற்றிக்கொண்ட மென்பொருளின் கணக்குமுறையையும் கேட்காமலே மாற்றும் செயல் என்பதால், ஜிசிசி 13-இல் நிரலகங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். ஆனால் அதுவரை எங்கள் ரிவர்ப், யாரும் அறியாமல் அந்தத் துண்டை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் போன்ற பெரிய மென்பொருள்கள் இந்த அமைப்பைத் தாமே கவனித்துக்கொள்வதால் அவற்றில் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பயனரோ சிறிய மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினார். ஒரே ஒரு துடிப்பைச் செலுத்தி, பிறகு அமைதியை மட்டும் ஊட்டி, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தபோது, சில வினாடிகள் தட்டையாக இருந்த கோடு செங்குத்தாக எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். செருகுநிரல் தன் வேலையைத் தொடங்கும்போது அந்த அமைப்பை மாற்றிக்கொண்டு, முடிக்கும்போது பழையபடி திருப்பி வைக்குமாறு ஆறு வரிகள் எழுதி, டெபியன் பொதியில் ஒட்டுநிரலாக (பேட்ச்) சேர்த்து, மூல ஆசிரியருக்கும் அனுப்பினேன். அவர் ஏற்றுக்கொண்டார். அந்த ஆறு வரிகளுக்கு மூன்று வார மாலைகள் ஆயின.

உரிமங்களைப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பே. பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று எழுதித்தர வேண்டும்; புதிய பொதி என்றால் டெபியனின் காப்பகப் பொறுப்பாளர்கள் அதைப் படித்துப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். ஒலித்துறையில் இதில் அடிக்கடி சிக்கியது ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி2 என்ற செருகுநிரல் தரம். அத்தரத்தில் நிரல் எழுதத் தேவையான தலைப்புக் கோப்புகளை மறுவிநியோகம் செய்யக் கட்டற்ற உரிமம் இருந்ததில்லை. 2018 அக்டோபரில் அவற்றை வழங்குவதையே அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. நல்லெண்ணத்தோடு ஒருவர் தம் மூல நிரல் தொகுப்புக்குள் அந்தக் கோப்புகளை வைத்திருந்தால், அவற்றை நீக்கிவிட்டுத் தொகுப்பை மறுபடி கட்டவேண்டியது நாங்கள்தான். சில பொதிகளின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் 'டிஎஃப்எஸ்ஜி' (டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களின் சுருக்கம்) என்ற ஒட்டு இருப்பது இப்படி ஏதோ நீக்கப்பட்டதன் அடையாளம். விஎஸ்டி3 இதுபோலில்லை: நெடுங்காலம் ஜிபிஎல்3 என்ற கட்டற்ற உரிமத்திலும் கிடைத்தது, 2025-இல் இன்னும் தளர்வான எம்ஐடி உரிமத்துக்கே மாறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இத்துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் விளக்குவது கடினம். டிரம் ஒலி மாதிரிகளுக்கும் இதே கண்டிப்பு உண்டு. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருந்தால் அவை முதன்மைக் களஞ்சியத்தில் இடம்பெறா, ஏனெனில் அவற்றைப் பயன்படுத்திய பாடலை ஒருவர் விற்க நினைத்தால் அவருக்கே தெரியாமல் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

இவை தவிர, இயங்குதளம் முழுவதையும் தொடும் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். 32-பிட் கணினிகளில் 2038-ஆம் ஆண்டோடு நேரக் கணக்கு நிரம்பிவிடும் என்பதால், 2024-இல் டெபியனும் உபுண்டுவும் நூற்றுக்கணக்கான நிரலகங்களில் நேரக் கணக்கை 64 பிட்டாக மாற்றி, அவற்றின் பொதிகளின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று சேர்த்தன. ஒலிக்கு அடிப்படையான 'லிப்அசவுண்ட்2' அவ்வாறு 'லிப்அசவுண்ட்2டி64' ஆனது. பழைய வழிகாட்டியைப் படித்துவிட்டு உபுண்டு 24.04-இல் பழைய பெயரைத் தட்டச்சு செய்தவர்களுக்கு, அதைத் தரும் பொதிகள் இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற பதில் வந்தது. இரண்டாவதாகக் காட்டப்பட்ட, ஓஎஸ்எஸ் என்ற வேறோர் ஒலி அமைப்பின் பொதியை நிறுவியவர்களின் மென்பொருள்கள் திறக்கவே மறுத்தன. நீங்கள் அப்படி மாட்டிக்கொண்டவராக இருந்தால், 'டி64' உள்ள பொதியை நிறுவுங்கள், சரியாகிவிடும்.

இந்த இடைவேலைக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிப்படையான சான்று ஒன்று இருக்கிறது. 2019-இன் முற்பகுதியில் உபுண்டு ஸ்டுடியோ, உபுண்டுவின் அதிகாரப்பூர்வ வகைகளில் ஒன்று என்ற தகுதியையே இழக்கும் கட்டத்துக்கு வந்தது. பயனர்கள் இருந்தார்கள், மென்பொருள்களும் இருந்தன. பொதிகளைப் பதிவேற்றும் உரிமை பெற்றவர் குழுவில் இல்லை. குழுவைச் சேர்ந்தவர்கள் விண்ணப்பித்து அந்த உரிமையைப் பெற்ற பிறகே நெருக்கடி தீர்ந்தது.

நிரல் எழுதத் தெரிந்தால்தான் உதவ முடியும் என்று எண்ண வேண்டாம். உங்கள் பழைய செஷன் கோப்புகளில் இரண்டை எடுத்து, டெபியனின் சோதனைக் கிளையை (அடுத்த பதிப்பு உருவாகும் கிளையை) வேறொரு வட்டில் நிறுவி, அதில் திறந்து பாருங்கள். ஏதாவது செருகுநிரல் வெற்றுப் பெட்டியாக நின்றாலோ ஒலி மாறியிருந்தாலோ, அதன் அடையாளம், பொதியின் பதிப்பு எண், நீங்கள் வைத்திருந்த மாதிரி விகிதம், தவணை அளவு ஆகியவற்றோடு வழு அறிக்கை எழுதுங்கள். முடிந்தால் அந்தச் செஷனையும் இணையுங்கள். நிலைப்பதிப்பு உறைவதற்கு (வெளியீட்டுக்காகப் புதிய மாற்றங்கள் நிறுத்தப்படுவதற்கு) முன்பு அது கிடைத்தால் திருத்த எங்களுக்கு அவகாசம் இருக்கும். முழுமையாக உறைந்த பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளியீட்டுக் குழுவிடம் காரணம் எழுதி அனுமதி பெற வேண்டும். ரிவர்பின் வாலைக் கவனித்து எழுதிய அந்தப் பயனர் நிரலாளர் அல்லர், வீட்டில் தபேலா பதிவு செய்பவர். அவருடைய அறிக்கை அந்த ஆண்டு எனக்கு வந்தவற்றிலேயே மிகத் துல்லியமானது.